மேலே எறிந்த பந்து தரையைத் தொடும் வரை: செங்குத்து இயக்கக் கணக்குகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

15 மீட்டர் உயரமுள்ள மொட்டை மாடியின் விளிம்பில் நின்றுகொண்டு, ஒருவர் பந்தொன்றை 10 மீ/வி திசைவேகத்தில் நேர் மேலாக எறிகிறார். பந்து மேலே சென்று, திரும்பி, விளிம்பை ஒட்டிக் கீழிறங்கித் தரையில் விழுகிறது. எறிந்ததிலிருந்து தரையைத் தொட எத்தனை வினாடி ஆகும்?

பதினோராம் வகுப்பு மாணவர் பத்துப் பேரிடம் இக்கணக்கைக் கொடுத்தால், பெரும்பாலோர் இதை மூன்று துண்டுகளாக உடைப்பார்கள்: மேலே ஏறும் நேரம், உச்சியிலிருந்து மாடி மட்டத்திற்கு இறங்கும் நேரம், அங்கிருந்து தரைக்கு இறங்கும் நேரம். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சமன்பாடு, ஒவ்வொரு சமன்பாட்டிலும் குறியை மாற்றிப் போடும் ஓர் அபாயம். இம்முறையில் விடை வராமல் போகாது. ஆனால் பந்து இயற்கையில் செய்வதை இம்முறை மறைத்துவிடுகிறது. கையை விட்டு நீங்கிய கணம் முதல் தரையைத் தொடுவதற்கு முந்தைய கணம் வரை பந்தின் மீது செயல்படுவது ஒரே விசை. ஆகவே அதற்கு ஒரே முடுக்கம், அதாவது திசைவேகம் மாறும் வீதம் ஒன்றே. ஆகவே அது ஒரே இயக்கம். இவ்வழிகாட்டி முழுவதும் இந்த ஒரு கருத்தின் மீதுதான் நிற்கிறது. மேலே சொன்ன கணக்கை ஒரே வரியில் முடிக்கும் இடத்திற்குப் படிப்படியாகச் செல்வோம்.

தொடங்குமுன்: எதை ஏற்றுக்கொள்கிறோம்

இரண்டு எளிமையாக்கங்களை ஏற்றுக்கொண்டுதான் இக்கணக்குகள் தொடங்குகின்றன. காற்றின் தடையைப் புறக்கணிக்கிறோம் என்பது ஒன்று. பொருள் இயங்கும் தூரம் முழுவதும் புவியீர்ப்பு முடுக்கம் மாறாதது என்று கொள்வது மற்றொன்று. இரண்டாவது எளிமையாக்கத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. புவியீர்ப்பு முடுக்கத்தின் மதிப்பு நிலநடுக்கோட்டில் ஏறத்தாழ 9.78 மீ/வி² ஆகவும், துருவங்களில் 9.83 மீ/வி² ஆகவும் இருக்கிறது. 1901-ல் பன்னாட்டு எடைகள் அளவைகள் மாநாட்டில் ஏற்கப்பட்ட திட்ட மதிப்பு 9.80665. எவரெஸ்ட் உச்சிக்கே போனாலும் உயரத்தினால் ஏற்படும் குறைவு நூற்றுக்கு 0.3 பங்கைத் தாண்டாது. எனவே மொட்டை மாடிக் கணக்குக்கு 9.8 தாராளமாகப் போதும். மனக்கணக்குக்கு 10 என்று வைத்துக்கொள்வதும் தவறல்ல. கீழே வரும் எடுத்துக்காட்டுகளில் எண்கள் எளிதாக வர வேண்டும் என்பதற்காக 10 என்றும், உண்மையில் அளந்து பார்க்கும் இடங்களில் 9.8 என்றும் எடுத்துக்கொள்கிறேன். முதல் எளிமையாக்கம், அதாவது காற்று, அவ்வளவு சாதுவானது அல்ல. அதற்குக் கடைசியில் வருவோம்.

சொற்களைப் பற்றியும் ஒரு குறிப்பு. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் திசைவேகம், முடுக்கம் என்று வருவனவற்றை இலங்கைப் பாடநூல்கள் வேகம், ஆர்முடுகல் என்கின்றன. நாம் வேகம் என்பதை அங்கே கதி என்பார்கள். இரு நாட்டு நூல்களையும் புரட்டிப் படிக்கும் மாணவர் இதை மனத்தில் வைக்காவிட்டால், சரியான வாக்கியமே தவறாகத் தோன்றும்.

‘தானே விழும் பொருள்’ என்ற தொடரும் சற்று ஏமாற்றக்கூடியது. விழுதல் என்றால் கீழ்நோக்கிய இயக்கம் என்றுதான் காதில் படுகிறது. ஆனால் இயற்பியலில், புவியீர்ப்பு விசை மட்டுமே செயல்படும் எந்தப் பொருளும் தானே விழும் பொருள்தான், அது மேல்நோக்கி ஏறிக்கொண்டிருந்தாலும் சரி. கையை விட்ட பந்துக்குக் கை கொடுத்த விசை கூடவே போவதில்லை. திசைவேகம் மட்டுமே போகிறது. ‘எறிந்த விசை தீர்ந்தவுடன் பந்து கீழே வருகிறது’ என்று சொல்பவர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்.

முதற்படி: படம், தொடக்கப் புள்ளி, நேர்த்திசை

சமன்பாட்டைத் தொடுவதற்கு முன்பு ஒரு செங்குத்துக் கோடு வரையுங்கள். பொருள் எங்கிருந்து புறப்படுகிறதோ அந்தப் புள்ளியைச் சுழி என்று குறியுங்கள். மேல்நோக்கிய திசையை நேர்க்குறி என்று எழுதி, அதன் பக்கத்தில் ஓர் அம்பும் போடுங்கள். கீழ்நோக்கிய திசையை நேர்க்குறியாகக் கொள்வதிலும் பிழையில்லை. கீழே போடப்படும் பொருள்களுக்கு அது வசதியும்கூட. ஆனால் ஒரு கணக்கின் நடுவில் திசையை மாற்றக் கூடாது. மூன்று துண்டாக உடைக்கும் முறையில் பிழை நுழைவதற்குக் காரணம், ஏறும்போது ஒரு திசையையும் இறங்கும்போது வேறொரு திசையையும் நேர்க்குறியாகக் கொள்ளும் பழக்கம்தான். எனக்குத் தெரிந்தவரை இப்பாடத்தில் மதிப்பெண் இழப்பவர்கள் இயற்பியல் புரியாமல் இழப்பதைவிட இந்த அம்பைப் போடாமல் இழப்பதே அதிகம். நானும் ஒரு தேர்வில் அப்படித்தான் இழந்தேன்: உச்சியைக் கடந்தவுடன் முடுக்கத்தின் குறியை மாற்றிவிட்டேன், பந்து கீழே வராமல் வானத்திற்கே போய்க்கொண்டிருந்தது.

மேல்நோக்கிய திசை நேர்க்குறி என்றால், முடுக்கம் எப்போதும் −10 மீ/வி². ஏறும்போதும் −10, உச்சியிலும் −10, இறங்கும்போதும் −10. இதில் இரண்டு ஐயங்கள் எழும்.

ஒன்று, உச்சியில் பந்து ஒரு கணம் நிற்கிறதே, அங்கே முடுக்கம் சுழி அல்லவா என்பது. அல்ல. அங்கே திசைவேகம் மட்டுமே சுழி. திசைவேகமும் முடுக்கமும் ஒருங்கே சுழியாகிவிட்டால், அடுத்த கணத்தில் திசைவேகம் மாறுவதற்குக் காரணமே இல்லாமல் போகும். பந்து உச்சியிலேயே தொங்கிக்கொண்டு நிற்கும். அது திரும்பி வருகிறது என்பதே அங்கும் முடுக்கம் இருக்கிறது என்பதற்குச் சான்று.

மற்றொன்று, எதிர்க்குறி முடுக்கம் என்றால் வேகம் குறைவது தானே என்பது. அதுவும் இல்லை. பந்து கீழே வரும்போது முடுக்கம் −10 தான். ஆனால் வேகம் கூடுகிறது. திசைவேகத்தின் குறியும் முடுக்கத்தின் குறியும் ஒன்றாக இருந்தால் வேகம் கூடும். எதிராக இருந்தால் வேகம் குறையும். முடுக்கத்தின் குறி தனியாக இருந்து எதையும் சொல்வதில்லை.

இரண்டாம் படி: ஐந்து அளவுகளின் பட்டியல்

இக்கணக்குகளில் வருபவை ஐந்தே அளவுகள்: தொடக்கத் திசைவேகம், இறுதித் திசைவேகம், முடுக்கம், இடப்பெயர்ச்சி, காலம். இவற்றில் மூன்று தெரிந்தால் மீதி இரண்டையும் காணலாம். முடுக்கம் எப்போதும் தெரிந்ததே என்பதால், கணக்கின் சொற்களிலிருந்து இன்னும் இரண்டைத் தோண்டி எடுத்தால் போதும். ‘கீழே போடப்பட்டது’ என்றால் தொடக்கத் திசைவேகம் சுழி. ‘பெரும உயரம்’ என்றால் அவ்விடத்தில் இறுதித் திசைவேகம் சுழி. ‘எறிந்தவர் கைக்கே திரும்பியது’ என்றால் இடப்பெயர்ச்சி சுழி.

‘தரையில் விழுந்தது’ என்பதைக் கண்டு இறுதித் திசைவேகம் சுழி என்று எழுதுபவர்கள் உண்டு. தரையைத் தொட்ட பிறகு பொருள் நிற்பது தரை கொடுக்கும் விசையால்; அது நம் கணக்கின் எல்லைக்கு வெளியே நடப்பது. நம் இயக்கம் தொடுவதற்கு முந்தைய கணத்தோடு முடிகிறது.

இடப்பெயர்ச்சி என்பது கடந்த தூரம் அல்ல என்பதையும் இங்கேயே உறுதி செய்துகொள்ள வேண்டும். மாடிப் பந்து எவ்வளவு உயரம் சென்று திரும்பினாலும், புறப்பட்ட இடத்திலிருந்து முடிந்த இடம் 15 மீட்டர் கீழே இருப்பதால், அதன் இடப்பெயர்ச்சி −15 மீட்டர்.

மூன்றாம் படி: சமன்பாட்டைத் தேர்ந்தெடுத்தல்

பயன்படும் சமன்பாடுகள் நான்கு.

இறுதித் திசைவேகம் = தொடக்கத் திசைவேகம் + முடுக்கம் × காலம்

இடப்பெயர்ச்சி = தொடக்கத் திசைவேகம் × காலம் + ½ × முடுக்கம் × காலம்²

இறுதித் திசைவேகம்² = தொடக்கத் திசைவேகம்² + 2 × முடுக்கம் × இடப்பெயர்ச்சி

இடப்பெயர்ச்சி = (தொடக்கத் திசைவேகம் + இறுதித் திசைவேகம்) ÷ 2 × காலம்

இவற்றை மனப்பாடம் செய்வதைவிட, ஒவ்வொன்றிலும் எந்த அளவு இல்லை என்பதைக் கவனிப்பது பயன் தரும். முதலாவதில் இடப்பெயர்ச்சி இல்லை. இரண்டாவதில் இறுதித் திசைவேகம் இல்லை. மூன்றாவதில் காலம் இல்லை. நான்காவதில் முடுக்கம் இல்லை. கணக்கில் தெரியாததும் கேட்கப்படாததுமான அளவு எதுவோ, அது இல்லாத சமன்பாடே உங்களுக்கு வேண்டியது.

நான்குமே ஒரே படத்திலிருந்து பிறந்தவை. கிடை அச்சில் காலத்தையும் செங்குத்து அச்சில் திசைவேகத்தையும் குறித்து வரைபடம் வரைந்தால், முடுக்கம் மாறாததால் ஒரு நேர்கோடு கிடைக்கும். அக்கோட்டின் சாய்வு முடுக்கம். கோட்டுக்கும் கால அச்சுக்கும் இடைப்பட்ட பரப்பு இடப்பெயர்ச்சி.

மாடிப் பந்து, ஒரே வரியில்

தொடக்கத் திசைவேகம் +10, முடுக்கம் −10, இடப்பெயர்ச்சி −15. காலம் வேண்டும், இறுதித் திசைவேகம் தெரியாது, இப்போதைக்கு வேண்டவும் வேண்டாம். ஆகவே இரண்டாம் சமன்பாடு. காலத்தைக் ‘கா’ என்று குறித்தால்,

−15 = 10 கா − 5 கா²

5-ஆல் வகுத்து ஒழுங்குபடுத்தினால் கா² − 2 கா − 3 = 0; அதாவது (கா − 3)(கா + 1) = 0. காலம் 3 வினாடி, அல்லது −1 வினாடி. நாம் கேட்ட கேள்விக்கு விடை 3 வினாடி. பந்து மேலே போனதையும் திரும்பியதையும் தனித்தனியே எழுத வேண்டிய தேவையே எழவில்லை. குறிகளே அதைப் பார்த்துக்கொண்டன.

பாடநூல்கள் பெரும்பாலும் ‘காலம் எதிர்க்குறியாக இருக்க முடியாது’ என்ற ஒரு வரியோடு −1 என்ற விடையை அடித்துவிட்டுப் போய்விடுகின்றன. எனக்கு அதில் உடன்பாடு இல்லை, ஏனெனில் அந்த விடைக்கும் பொருள் இருக்கிறது. சமன்பாட்டுக்குப் பந்தை மாடியிலிருந்து எறிந்தோம் என்பது தெரியாது. சுழி நேரத்தில் ஒரு பந்து மாடி மட்டத்தை 10 மீ/வி வேகத்தில் மேல்நோக்கிக் கடக்கிறது என்பது மட்டுமே அதற்குத் தெரியும். அதே பந்து தரையிலிருந்து எறியப்பட்டு வந்திருந்தால், தரையை விட்டு எப்போது கிளம்பியிருக்கும் என்பதே −1. சரிபார்க்கலாம்: தரையிலிருந்து 20 மீ/வி வேகத்தில் எறிந்த பந்து ஒரு வினாடியில் 20 − 5 = 15 மீட்டர் ஏறும்; அப்போது அதன் திசைவேகம் 20 − 10 = 10 மீ/வி. அச்சு அசலாக நம் பந்துதான்.

இன்னொரு படி போகலாம். அதே மாடியிலிருந்து பந்தை 10 மீ/வி வேகத்தில் கீழ்நோக்கி எறிந்தால், −15 = −10 கா − 5 கா²; விடைகள் 1 வினாடி, −3 வினாடி. முந்தைய இரண்டு எண்களும் குறி மாறி வந்து நிற்கின்றன. மேலே எறிந்த பந்துக்கு 3 வினாடி, கீழே எறிந்த பந்துக்கு 1 வினாடி. இடையிலுள்ள 2 வினாடியும் மேலே எறிந்த பந்து மாடி மட்டத்திற்குத் திரும்பி வர எடுத்துக்கொண்ட நேரம். திரும்பி வரும்போது அதன் வேகம் அதே 10 மீ/வி, கீழ்நோக்கி. அதற்குப் பிறகு இரு பந்துகளுக்கும் வேறுபாடே இல்லை. ஆகவே இரண்டும் தரையை ஒரே வேகத்தில்தான் தொடும். மூன்றாம் சமன்பாடு அந்த வேகத்தைச் சொல்கிறது: 100 + 2 × (−10) × (−15) = 400; வர்க்கமூலம் ±20; கீழ்நோக்கி என்பதால் −20 மீ/வி.

வரைபடத்திலும் பார்த்துவிடலாம். கோடு +10-ல் தொடங்கி, 1 வினாடியில் அச்சை வெட்டி, 3 வினாடியில் −20-ஐ அடைகிறது. அச்சுக்கு மேலுள்ள முக்கோணத்தின் பரப்பு ½ × 1 × 10 = 5; கீழுள்ளது ½ × 2 × 20 = 20. இரண்டையும் குறியோடு கூட்டினால் −15, இடப்பெயர்ச்சி. குறியில்லாமல் கூட்டினால் 25 மீட்டர், கடந்த தூரம். பெரும உயரம் மாடியிலிருந்து 5 மீட்டர் என்பதும் அப்படத்திலேயே கிடைத்துவிடுகிறது.

நகரும் இடத்திலிருந்து விழும் பொருள்

5 மீ/வி திசைவேகத்தில் மேலே ஏறிக்கொண்டிருக்கும் பலூனிலிருந்து, அது 60 மீட்டர் உயரத்தில் இருக்கும்போது ஒரு மணல் மூட்டை நழுவி விழுகிறது. ‘விழுகிறது’ என்பதைப் படித்தவுடன் தொடக்கத் திசைவேகத்தைச் சுழி என்று எழுதினால் காலம் ஏறத்தாழ 3.5 வினாடி என்று வரும்; அது தவறு. நழுவும் கணத்தில் மூட்டையும் பலூனோடு 5 மீ/வி வேகத்தில் ஏறிக்கொண்டுதான் இருந்தது. −60 = 5 கா − 5 கா²; அதாவது கா² − கா − 12 = 0; காலம் 4 வினாடி. தரையில் நின்று பார்ப்பவருக்கு மூட்டை முதல் அரை வினாடி மேலே ஏறுவது தெரியும். பலூனில் இருப்பவருக்கு அது நழுவியவுடனே கீழே போவதாகத்தான் தோன்றும்.

ஏறும் நேரமும் இறங்கும் நேரமும் சமம்: பிரெமன் கோபுரம்

புறப்பட்ட மட்டத்திற்கே திரும்பும் பொருளுக்கு ஏறும் நேரமும் இறங்கும் நேரமும் சமம் என்பதைத் தேர்வுக்கான ஒரு குறிப்பாகவே பலர் அறிவர். ஜெர்மனியின் பிரெமன் நகரில் இதை வைத்தே ஓர் ஆய்வு நிலையத்தின் திறனை இரட்டிப்பாக்கினார்கள். அங்கே 146 மீட்டர் உயரமுள்ள கோபுரம் ஒன்று இருக்கிறது. அதன் உள்ளே காற்று அகற்றப்பட்ட ஒரு செங்குத்துக் குழாய். அதில் ஆய்வுக் கருவிகள் அடங்கிய கலம் ஒன்றை ஏறத்தாழ 110 மீட்டர் விழவிடுகிறார்கள். விழும் நேரம் முழுவதும் கலத்தினுள் எடையின்மை நிலவும். √(2 × 110 ÷ 9.81) என்று கணக்கிட்டால் 4.74 வினாடி, அங்கே கிடைப்பதும் அதுவே. இரு மடங்கு நேரம் வேண்டுமானால் கோபுரத்தை நான்கு மடங்கு உயர்த்த வேண்டும், ஏனெனில் காலம் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அவர்கள் கோபுரத்தை உயர்த்தவில்லை. கலத்தை அடியிலிருந்து மேல்நோக்கி எறியும் பொறியை அமைத்தார்கள். ஏறும்போதும் அது தானே விழும் பொருள்தான் என்பதால், எடையின்மை நேரம் 9.3 வினாடி அளவுக்கு உயர்ந்துவிட்டது. அந்த நேரத்தில் பாதி 4.65 வினாடி, அதை 9.81-ஆல் பெருக்கினால் எறியும் வேகம் 45.6 மீ/வி, மணிக்கு ஏறத்தாழ 164 கிலோமீட்டர். திரும்பி வரும் கலமும் அதே வேகத்தில் வரும் என்பதால், அதைத் தாங்கிப் பிடிக்கப் பாலிஸ்டைரீன் மணிகள் நிரப்பிய பெரிய தொட்டி ஒன்றைக் குழாயின் அடியில் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள்.

1, 3, 5, 7: ஒற்றைப்படை எண்களின் விதி

ஓய்வுநிலையிலிருந்து விழும் பொருள் சமமான கால இடைவெளிகளில் கடக்கும் தூரங்கள் 1 : 3 : 5 : 7 என்ற விகிதத்தில் இருக்கும். கலிலியோ, 1638-ல் லெய்டனில் அச்சான தம் நூலில் இதை நிறுவினார். நேராக விழும் பொருளைத் துரத்தி அளக்க அன்று கடிகாரம் இல்லாததால், சாய்தளத்தில் வெண்கலக் குண்டை உருட்டி, ஒரு தொட்டியிலிருந்து மெல்லிய குழாய் வழியே ஒழுகும் நீரைப் பிடித்து, அந்நீரை எடைபோட்டுக் காலத்தை அளந்தார். பைசா கோபுரக் கதை எல்லோருக்கும் தெரியும். அதைவிட நூறு மடங்கு நுட்பமான இச்சோதனையைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

கைப்பேசி இருந்தால் இவ்விதியை வீட்டிலேயே பார்த்துவிடலாம். சுவரில் அளவு நாடாவைச் செங்குத்தாக ஒட்டி, அதன் முன்னே ஒரு கோலிக்குண்டை விழவிட்டு, வினாடிக்கு 30 படங்கள் எடுக்கும் வேகத்தில் காணொளி எடுங்கள். குண்டு கையை விட்ட படத்திலிருந்து ஆறாறு படங்களாக, அதாவது 0.2 வினாடிக்கு ஒருமுறை, நிறுத்திப் பாருங்கள். குண்டு 19.6, 78.4, 176.4 சென்டிமீட்டர் குறிகளின் அருகே இருக்கும். அடுத்தடுத்த வேறுபாடுகள் 19.6, 58.8, 98.0, இவை 1 : 3 : 5. கைப்பேசியைத் தரையில் வைத்து அண்ணாந்து எடுத்தால் கோணத்தால் அளவு பிசகும். நாடாவின் நடுப்பகுதிக்கு நேரே, இயன்ற அளவு தள்ளி வையுங்கள்.

இதே விதி மழைத்துளிக் கணக்குகளுக்கும் உதவும். ஓட்டு வீட்டின் இறவாரத்திலிருந்து சீரான இடைவெளியில் துளிகள் சொட்டுகின்றன. முதல் துளி 4 மீட்டர் கீழே தரையைத் தொடும்போது ஐந்தாம் துளி விளிம்பை விட்டுப் புறப்படுகிறது. அக்கணத்தில் துளிகளுக்கு இடையே நான்கு இடைவெளிகள் இருக்கும்; மேலிருந்து அவற்றின் விகிதம் 1 : 3 : 5 : 7; கூட்டினால் 16 பங்கு; ஒரு பங்கு 25 சென்டிமீட்டர். ஆகவே இடைவெளிகள் 25, 75, 125, 175 சென்டிமீட்டர். எந்தச் சமன்பாடும் எழுத வேண்டியிருக்கவில்லை.

‘கடைசி வினாடியில் 35 மீட்டர் கடந்தது, மொத்த உயரம் என்ன’ என்ற வகைக் கணக்குகளுக்குத் தனிச் சூத்திரம் ஒன்று உண்டு. அதைவிட எளிய வழி, முடுக்கம் மாறாதபோது எந்தக் கால இடைவெளியிலும் சராசரித் திசைவேகம் அந்த இடைவெளியின் நடுக்கணத் திசைவேகத்திற்குச் சமம் என்பதைப் பயன்படுத்துவது. ஒரு வினாடியில் 35 மீட்டர் என்றால் நடுக்கண வேகம் 35 மீ/வி. அவ்வேகம் புறப்பட்டு 3.5 வினாடியில் வரும். ஆகவே மொத்தக் காலம் 4 வினாடி, உயரம் 80 மீட்டர். மாடியிலிருந்து விழும் பூச்சட்டி 1.5 மீட்டர் உயரச் சன்னலை 0.1 வினாடியில் கடந்தது என்றாலும் இதே வழிதான்: நடுக்கண வேகம் 15 மீ/வி, அது 1.5 வினாடியில் வருவது. சன்னலின் மேல் விளிம்பை அது தொட்டது 1.45 வினாடியில், எனவே மேல் விளிம்பிலிருந்து 5 × 1.45² = 10.5 மீட்டர் உயரத்திலிருந்து அது விழுந்திருக்கிறது.

இரண்டு கற்கள்

80 மீட்டர் உயரக் கோபுரத்தின் உச்சியிலிருந்து ஒரு கல் விழவிடப்படும் அதே கணத்தில், தரையிலிருந்து இன்னொரு கல் 40 மீ/வி வேகத்தில் மேலே எறியப்படுகிறது. இரண்டும் எப்போது சந்திக்கும்? இரு கற்களுக்கும் ஒரே முடுக்கம் என்பதால், ஒன்றைப் பொறுத்து மற்றொன்றுக்கு முடுக்கமே இல்லை. ஒரு கல்லில் உட்கார்ந்து பார்த்தால் மற்றது மாறாத 40 மீ/வி வேகத்தில் நெருங்கி வரும். 80 ÷ 40 = 2 வினாடி. அப்போது மேலிருந்து வந்தது 20 மீட்டர் இறங்கியிருக்கும்; கீழிருந்து போனது 80 − 20 = 60 மீட்டர் ஏறியிருக்கும். சரியாகப் பொருந்துகிறது.

ஆனால் ஒரே இடத்திலிருந்து ஒரு வினாடி இடைவெளியில் இரண்டு கற்களை விழவிட்டால், அவற்றுக்கு இடையேயுள்ள தூரம் மாறாமல் இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. முதல் கல் எப்போதும் 10 மீ/வி கூடுதல் வேகத்தில் இருக்கும். ஆகவே இடைவெளி 5, 15, 25 மீட்டர் என்று வினாடிக்கு 10 மீட்டர் வீதம் விரிந்துகொண்டே போகும்.

கிணற்றின் ஆழம்

பாழுங்கிணற்றில் கல்லைப் போட்டு, ‘தொபுக்’ என்ற ஒலி வர 2 வினாடி ஆயிற்று என்று வைத்துக்கொள்வோம். ஒலி வரும் நேரத்தை மறந்தால் ஆழம் 4.9 × 4 = 19.6 மீட்டர். ஆனால் அந்த 2 வினாடி என்பது கல் விழுந்த நேரமும் ஒலி மேலே வந்த நேரமும் சேர்ந்தது. நம் ஊர் வெயிலில், 30 பாகை செல்சியசில், காற்றில் ஒலியின் வேகம் ஏறத்தாழ 350 மீ/வி. கல் விழுந்த நேரத்தைக் ‘கா’ என்று கொண்டால், 4.9 கா² = 350 × (2 − கா). இதைத் தீர்த்தால் கா = 1.947 வினாடி, ஆழம் 18.6 மீட்டர். ஒலியை மறந்ததால் ஒரு மீட்டர் பிழை.

இந்தத் திருத்தத்தைச் செய்துவிட்டுப் பெருமைப்படுமுன் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். தண்ணீரைத் தொடும்போது கல்லின் வேகம் 19 மீ/வி. கையால் அழுத்தும் நிறுத்துக் கடிகாரத்தில் 0.1 வினாடி பிசகினால், அதனால் மட்டுமே ஏறத்தாழ 1.9 மீட்டர் பிழை வரும். கைப்பிழை ஒலித்திருத்தத்தைவிட இரு மடங்கு. ஐந்தாறு முறை போட்டுச் சராசரி எடுக்காமல் இருபடிச் சமன்பாட்டைத் தீர்ப்பது, ஓட்டை வாளியில் அளந்து நீர் இறைப்பது போன்றது.

காலத்தை அளக்கும் அளவுகோல்

கைப்பிழை எவ்வளவு என்பதையும் இதே இயற்பியலால் அறியலாம். நண்பர் 30 சென்டிமீட்டர் அளவுகோலைச் செங்குத்தாகத் தொங்கவிட, சுழிக் குறியின் இருபுறமும் தொடாமல் விரல்களை வைத்துக்கொள்ளுங்கள். அவர் முன்னறிவிப்பின்றி விடும்போது பிடியுங்கள். 15 சென்டிமீட்டரில் பிடித்தால் உங்கள் எதிர்வினை நேரம் 0.175 வினாடி, 20 சென்டிமீட்டரில் பிடித்தால் 0.20 வினாடி. ஐந்நூறு ரூபாய்த் தாளைக் கொண்டு செய்யும் பந்தயமும் இதுவே. தாளின் நீளம் 15 சென்டிமீட்டர். விரல்களை அதன் நடுவில் வைத்தால் விழுவதற்கு எஞ்சியது 7.5 சென்டிமீட்டர், அதற்கு 0.124 வினாடி போதும். அதற்குள் கண்ணால் கண்டு விரலை மூட எவராலும் பொதுவாக இயலாது. ஊகித்து முன்கூட்டியே மூடுபவர் மட்டுமே பந்தயத்தில் வெல்வார்.

காற்று வந்து சேரும்போது

20 மீட்டர் உயரத் தென்னையிலிருந்து விழும் தேங்காய் 2 வினாடியில் தரைக்கு வரும். அதன் வேகம் 19.8 மீ/வி, மணிக்கு ஏறத்தாழ 71 கிலோமீட்டர். கனமும் திண்மையும் உள்ள பொருள் இவ்வளவு தூரம் விழும்போது காற்றைப் புறக்கணித்த விடைக்கும் உண்மைக்கும் பெரிய வேறுபாடு இராது. அதே சமன்பாட்டை 2,000 மீட்டர் உயரத்திலிருந்து வரும் மழைத்துளிக்குப் போட்டால் 200 மீ/வி என்று வரும். அப்படியொரு மழையில் எவரும் நனைந்து வீடு திரும்ப முடியாது. உண்மையில் 5 மில்லிமீட்டர் விட்டமுள்ள பெரிய துளிகூட ஏறத்தாழ 9 மீ/வி வேகத்தில்தான் தரையைத் தொடுகிறது. வேகம் கூடக்கூடக் காற்றின் தடையும் கூடி, ஒரு கட்டத்தில் எடைக்குச் சமமாகிவிடுகிறது. அதன்பின் முடுக்கம் சுழி. அந்த மாறாத வேகமே முற்றுத் திசைவேகம்.

கனமான பொருள் விரைந்து விழும் என்ற பழைய நம்பிக்கை காற்றின் இந்த வேலையிலிருந்து பிறந்ததே. 1971 ஆகஸ்ட் 2 அன்று, காற்றில்லாத நிலவில் நின்றுகொண்டு, அப்பல்லோ 15 விண்கலத் தலைவர் டேவிட் ஸ்காட் ஒரு கையிலிருந்து சுத்தியையும் மறு கையிலிருந்து வல்லூற்றின் இறகையும் ஒரே நேரத்தில் விட்டார். இரண்டும் ஒன்றாகத் தரையைத் தொட்டன. நிலவின் ஈர்ப்பு முடுக்கம் 1.62 மீ/வி² என்பதால், 1.6 மீட்டர் உயரத்திலிருந்து விழ அங்கே 1.4 வினாடி ஆகும், இங்கே 0.57 வினாடி.

காற்று இருக்கும் இடத்தில் ஏறும் நேரமும் இறங்கும் நேரமும் சமமாக இருக்குமா? எது கூடுதல் என்று கேட்டால் பலர் தயங்குவார்கள். இதற்குச் சமன்பாடு வேண்டாம். பந்து ஏறும்போது ஒரு குறிப்பிட்ட உயரத்தைக் கடக்கிறது. இறங்கும்போது அதே உயரத்தை மறுபடியும் கடக்கிறது. இரு கணங்களிலும் நிலையாற்றல் ஒன்றே. ஆனால் இடைப்பட்ட பயணத்தில் காற்று கொஞ்சம் ஆற்றலைப் பிடுங்கிக்கொண்டது. ஆகவே ஒவ்வோர் உயரத்திலும் இறங்கும் வேகம் ஏறிய வேகத்தைவிடக் குறைவு. அதனால் அதே தூரத்தை இறங்கிக் கடக்கக் கூடுதல் நேரம் ஆகும். கிரிக்கெட் பந்தில் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. இறகுப் பந்தை நேர் மேலே ஓங்கி அடித்துப் பாருங்கள்: சீறிக்கொண்டு போனது, ஆடி அசைந்துதான் திரும்பி வரும்.